ரோசம்மாள் குடிபோன வீடு

பொன்னேரிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருந்த பெண்பிள்ளைகள் விடுதியில் ரோசம்மாளுக்கு வார்டன் வேலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், இருந்தும் வைத்துக் காப்பாற்ற முடியாதவர்களின் பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். பதினெட்டு முடிந்தால் வெளியேறியாக வேண்டும். ஒரு பெண் அந்த வயதை நெருங்கிவிட்டால் ரோசம்மாளுக்குச் சோறு இறங்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். உட்காராமலே திரும்பிப் போய்த் திறப்பாள்.

காரணம், அங்கே வளர்ந்த பூவம்மாள். விடுதித் தலைவி ஞானம்மா அவளை மெட்ராஸில் ஒரு பங்களாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவள் முழங்கை வரை சூட்டுக் காயங்களோடு வாசலில் வந்து நின்றாள். வயது கடந்தவளைத் திரும்பச் சேர்க்க விதியில்லை. சோறு போட்டு, மருந்து வைத்து, வேறு வீடு பார்த்து அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்தும் போய்விட்டாள். எங்கே போனாள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மெட்ராஸ் போகும்போதெல்லாம் ரோசம்மாள் தெருத்தெருவாக விசாரித்துப் பார்த்தாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் செண்பகத்தின் முறை வந்தது.

"இவளை நான் பாத்துக்கறேன் பெரியம்மா" என்றாள் ரோசம்மாள்.

"இன்னா பாத்துக்குவ? வெளியில உனக்கு யாரைத் தெரியும்?" என்றாள் ஞானம்மா.

கும்மிடிப்பூண்டியில் சாலையோரத்து நிலங்களில் தகரக் கொட்டகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அலுமினியப் பாத்திரக் கம்பெனி ஒன்றில் பாத்திரம் துடைத்து அடுக்கப் பெண்களை எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் பழக்கமான சாலமோன் சொன்னார். செண்பகத்தை அழைத்துக்கொண்டு ரோசம்மாள் போனாள். வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

"கூட ஆம்பள யாரு?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றதும் கதவு சாத்திக்கொண்டது. கடைசியாக, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், ஓட்டு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடும் முத்தம்மாள் மட்டும் நின்று பேசினாள்.

"நீ யாரும்மா இவளுக்கு?"

"நான் வளத்த பொண்ணு."

"அப்ப நீயும் கூட இருப்பியா? இருந்தா குடுக்கறேன். தனியா வயசுப் பொண்ண வெச்சிக்கினு நான் எங்க பேஜாரு படறது?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ரோசம்மாள் கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். ஷிப்ட் விட்டதும் நேரே ரூமுக்குப் போ, யாரிடமும் கைமாத்து வாங்காதே, உடம்புக்கு முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கே போ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பிளாட்பாரத்தில் செண்பகம் சட்டென்று நின்றாள்.

"எல்லாத்தையும் சொல்ற. நீ எப்பக்கா வெளிய வந்த?"

பாசஞ்சர் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

காலராவில் தாய் செத்த வருஷம், பாவாடை இடுப்பில் நிற்காத வயதில், அதே விடுதிக்குள் நுழைந்தவள் ரோசம்மாள். பதினெட்டானபோது சமையலுக்கு ஆள் இல்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் வார்டன் ஆனாள். நாற்பதைத் தாண்டியும் ஒரு வீட்டுச் சாவி அவள் கையில் இருந்ததில்லை.

கும்மிடிப்பூண்டி போய் வந்த பிறகு ஒரு வாரம் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள். துணி உலர்த்தப் போய் ஈரத்துணியோடு கொடியடியில் நின்றாள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முத்தம்மாளிடம் போய், "நானும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞானம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "உனக்கு இன்னா பைத்தியமா? ரூம் இருக்கு, வேளைக்குச் சோறு இருக்கு. இதை உட்டுட்டு ரயில்ல போய் வந்து வேலை செய்வியா?"

"அதெல்லாம் இருக்கறதுதான் பெரியம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ரோசம்மாள்.

பின்கட்டுக்குக் குடிபோனதும், இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அண்டாவில் பொங்கிய கை. முதல் நாள் சோறு முத்தம்மாள் வீட்டாருக்கும் போய், அவள் கோழிகளுக்கும் மிஞ்சியது. செண்பகம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணெண்ணெய் வாங்க எங்கே நிற்பது, மளிகைக்காரனிடம் எப்படிக் கறாராகப் பேசுவது என்பதையெல்லாம் செண்பகம்தான் கம்பெனிப் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னாள்.

ஆனாலும் ஷிப்ட் விடக் கொஞ்சம் தாமதமானால் ரோசம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கே போய்விடுவாள்.

"இன்னொரு தபா கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தா நான் ஊட்டுக்கே வரமாட்டேன்" என்று செண்பகம் கத்தினாள். மறுநாள் ரோசம்மாள் தெருமுனையோடு நின்றுகொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, லேத் பட்டறையில் வேலை பார்க்கும் வரதனைக் கட்டிக்கொள்வதாகச் செண்பகமே வந்து சொன்னாள். ரோசம்மாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். குடிப்பாயா, அடிப்பாயா, இவள் வேலைக்குப் போனால் என்ன சொல்வாய் என்று கேட்கக் கேட்க அவனுக்கு வியர்த்துவிட்டது. கல்யாணம் அந்தப் பின்கட்டில்தான் நடந்தது.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் விடுதிப் பெண்கள் வந்து தங்கினார்கள். ஒருத்தி நிலைத்தாள். ஒருத்தி சொல்லாமல் ஓடிப்போய், கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். வந்தவர்களுக்கு அடுப்படியையும் கொடியையும் காட்டிக் கொடுப்பது பக்கத்துத் தெருவில் குடியிருந்த செண்பகத்தின் வேலை. ரோசம்மாளோ அந்நேரம் தலையை முடிந்துகொண்டே பொன்னேரி வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள்.