மிங்பி தேய்த்துக் கழுவிய நாக்கு

லியாவ் மிங்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. சீனாவின் சோங்சிங் நகரத்தில், பெங் என்பவனுடைய ஹாட்பாட் கடையில், மேசைச் சட்டிகளில் கொதிக்கும் குழம்புக்காகப் பத்தொன்பது வருஷமாகக் கார மசாலா வதக்குகிறாள். மாட்டுக் கொழுப்பை உருக்கி, மிளகாயும் புளித்த அவரை விழுதும் இஞ்சியும் போட்டு நாலு மணி நேரம் கிண்டுவாள். கடைசியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து அவள் "இறக்கு" என்றால்தான் அடுப்பு அணையும். அந்த ருசிக் கரண்டியை இன்னொருத்தர் தொட்டதில்லை.

மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. அடுப்பனல் போதாதென்று உள்ளுக்குள்ளிருந்து வேறு ஓர் அனல் கிளம்பிக் காதுமடல் வரைக்கும் ஏறும். சட்டை நனைந்து ஒட்டும். அது ஆறுவதற்குள் முதுகு குளிரும். யாராவது "என்னக்கா" என்று கேட்டால் கடித்துக் குதறலாம் போலிருக்கும்.

வைத்தியர் ஷாவோவிடம் போனாள். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். உடம்பில் ஈரம் வற்றிவிட்டது, அதனால் நெருப்பு மேலே ஏறுகிறது என்று வேர்களும் கிழங்குகளுமாக எழுதிக் கொடுத்தார். புருஷன் தாச்சுவான் தினமும் மண்சட்டியில் அதைக் காய்ச்சினான். கட்டிடம் முழுக்க நாற்றம்.

"குடிச்சுத் தொலை. கீழ் வீட்டுக்காரன் எலி செத்துடுச்சான்னு கேக்குறான்."

"நீ குடிச்சுப் பாரு, அப்புறம் பேசு."

இரண்டு மாதம் குடித்தாள். அனல் குறையவில்லை. வயிறு ஊதியது, பசி செத்தது. எல்லாவற்றையும் விட மோசம், நாக்கு செருப்புத்தோல் மாதிரி மரத்துப்போனது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை மசாலாவில் உப்பு கூடிப்போய், சாப்பிட வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

பெங் அவளைவிடப் பத்து வயது இளையவன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, சனிக்கிழமை பெரிய கொப்பரை போடுறோம். அதுலயும் உப்புத் தப்புனா கரண்டியை என் கொழுந்தியா கையில குடுத்துடுவேன். கோவிச்சுக்காத."

"உப்புக்கும் உறைப்புக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு" என்று சொல்ல வாயெடுத்தாள். எதுவும் தெரியாதது இப்போது தன் நாக்குக்குத்தான் என்பது உறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை வைத்தியரிடம் போகவேண்டிய நாள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் குழாய் உடைந்து காலையிலிருந்து தண்ணீரில்லை. எரிச்சலோடு அப்படியே போனாள். நாக்கைப் பார்த்த ஷாவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாக்கின் மேல் மஞ்சளாக, பிசுக்காக, தடிமனான படிவு.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"வெறும் கஞ்சி, ஐயா."

"அப்ப ரெண்டு மாசமா நீ என்கிட்ட நீட்டுனது யாரு நாக்கு? அதுல பொட்டுப் படிவு கிடையாதே. தோலுரிச்ச மாதிரி செவசெவன்னு இருந்துச்சே."

மிங்பி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். "வர்றதுக்கு முன்னால உப்புப் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுட்டு வருவேன். நான் மசாலா நக்குற பொம்பள. அழுக்கு நாக்கைப் போய் உங்ககிட்ட எப்படிக் காட்டுறது?"

ஷாவோ பேனாவை வைத்துவிட்டார். "நாடி ஒண்ணு சொல்லுச்சு, நாக்கு ஒண்ணு சொல்லுச்சு. நான் மடையன், நாக்கை நம்புனேன். ஏம்மா, நான் ரெண்டு மாசமா உன் பிரஷ்ஷுக்கில்ல வைத்தியம் பார்த்திருக்கேன். உனக்கு ஈரம் வத்தல, தேங்கிக் கிடக்கு. சகதியில நிக்கிற வண்டிக்கு மேல மேல தண்ணி ஊத்தியிருக்கேன்."

"முதல் நாளே தேய்க்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"பல் தேய்ப்பாங்கன்னு தெரியும். நாக்கைப் பாத்திரம் மாதிரி விளக்குவாங்கன்னு எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

பழைய மருந்தை நிறுத்திப் புதிதாக எழுதினார். நாக்கு தெளிய ஏழு நாளாவது ஆகும், அனல் அதற்குப் பிறகுதான் என்றார். சனிக்கிழமைக்கு இருப்பதோ இரண்டு நாள். வீட்டுக்கு ஏறும் நூற்றுப்பன்னிரண்டு படியிலும் அவரைத் திட்டினாள், பிரஷ்ஷைத் திட்டினாள். தன்னைத்தான் அதிகம் திட்டினாள்.

சனிக்கிழமை கொப்பரை கொதித்தது. ஏமாற்றிப் பார்ப்போமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு எல்லோர் முன்னாலும், "என் நாக்கு இன்னிக்கு வேலைக்காகாது" என்று சொல்லிக் கரண்டியைப் பெங்கின் கொழுந்தியாளிடம் நீட்டினாள். அவள் ருசி பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கு. இறக்கிடலாம்."

மிங்பிக்குக் கழுத்தில் அனல் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் வேலை செய்தது. "அவரை விழுது பச்சை வாசம் அடிக்குது. இறக்காத."

"எனக்கு அடிக்கலியே."

"உனக்கு அடிக்காது. கிண்டு."

பெங் இருவரையும் பார்த்தான். அடுப்பை அணைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து எண்ணெய் தெளிந்து மேலே வந்தது, வாசம் மாறியது.

"சரி, வாசம் அக்கா பார்க்கட்டும், உப்பு நீ பாரு" என்றான்.

"ஏழு நாளைக்குத்தான்" என்றாள் மிங்பி.

"எட்டாம் நாளும் நாக்கு வரலைன்னா?" என்று கேட்டாள் கொழுந்தியாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் மிங்பிக்கு அதிக எரிச்சலாக இருந்தது. முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கொப்பரையின் ஓரத்தைச் சுரண்டிக் கிண்டினாள்.