ஒரே அலமாரி, இரண்டு கம்பெனி

காரைக்குடியில் இரண்டு போன் கம்பெனிகளை ஒரே சமயத்தில் ஏமாற்றிய கடைக்காரன் நான். பொய். ஏமாந்தவன்தான் நான்.

வாசலைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் தங்கள் போன் மட்டும் இருந்தால் புது மாடலை முதலில் தருவதாக இரண்டு கம்பெனிகளும் சொல்லின. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்குத் தலையாட்ட மட்டும் நன்றாக வரும். இரண்டு பேருக்கும் ஆட்டிவிட்டேன். அலமாரியைப் போட்டோ எடுக்க ஒரு கம்பெனித் தம்பி செவ்வாய்க்கிழமை வருவார், மற்றவர் வெள்ளிக்கிழமை. பெட்டியின் நிறத்தைப் பார்த்து, முதல் நாளே போன்களை மாற்றி அடுக்கிவிடுவேன். மாட்டினால் இரண்டு சரக்கும் நின்று, கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"என்னண்ணே, இப்புடி முழிக்கிறீக?"

"இல்ல தம்பி, கண்ணாடியத் துடைக்கணும்..."

"துடைங்க. எங்களுக்கு எப்பவோ தெரியும். ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் இருக்கோம். நீங்க மாட்டக் கூடாதுன்னுதான் செவ்வா, வெள்ளின்னு பிரிச்சுக்கிட்டோம்."

அவர்களே போன்களை மாற்றி மாற்றி அடுக்கி, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடை தப்பியது. உடனே எனக்குத் திமிர் வந்து, அவர்களுக்கே ஒரு நிபந்தனை போட்டேன். அது என்னவென்றால்...

"ஏங்க, எழுதிக் கிழிச்சது போதும், இங்குட்டு வாங்க," என்கிறாள் மனைவி. "ஆச்சி ஒருத்தக வந்திருக்காக. பட்டன் போன்தான் வேணுமாம்."

அது அலமாரிக்கு அடியில், அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.