தங்கையனை ஜப்பானுக்கு அனுப்பிய கதை

1957 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை மாலை. திருச்சி ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் புறப்படும் முன் மேலூர்த் தங்கையனுக்கு விழுந்த மாலைகளைக் கழற்றி வாங்கிக்கொள்ளவே தனியாக ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஊரிலிருந்து மூன்று வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாதஸ்வரம் கூட இருந்தது. ரயிலில் இருந்த மற்றவர்கள் யாரோ எம்.எல்.ஏ. என்று எட்டிப் பார்த்தார்கள்.

தங்கையனுக்கு வயது முப்பத்தி நான்கு. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், கொள்ளிடக் கரையை ஒட்டி, இரண்டரை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார் அதே நிலத்தை உழுதார். நிலம் ரத்தினவேல் பிள்ளையுடையது. பிள்ளை அந்த வட்டாரத்து விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். வெள்ளை ஜிப்பா, சைக்கிள், எந்தக் கூட்டத்திலும் சிரிக்க வைக்கிற பேச்சு. குடியானவர்களைப் பேர் சொல்லி விசாரிப்பார். அவரைப் பிடிக்காதவர்கள் ஊரில் குறைவு.

ஜப்பான் முறையில் நெல் நடுவது பற்றி அப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. மேட்டுப் பாத்தியில் நாற்று விட வேண்டும், கயிறு கட்டி வரிசையாக நட வேண்டும், உருளையை ஓட்டிக் களை எடுக்க வேண்டும். அங்கேயே போய்த் தங்கிக் கற்று வருவதற்கு விவசாயிகளை அனுப்பும் திட்டம் ஒன்று வந்தபோது, சங்கத்தின் சார்பில் ஒரு பெயரைக் கொடுக்கும்படி பிள்ளையைக் கேட்டார்கள். அவர் தன் மகன் பெயரைக் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தங்கையன் பெயரைக் கொடுத்தார்.

"எம் மவனை அனுப்பினா போட்டோ புடிச்சுக்கிட்டு வருவான். தங்கையன் போனா தொழிலைப் புடிச்சுக்கிட்டு வருவான்" என்று பிளாட்பாரத்தில் அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. பெரியகடை வீதியில் தைத்து வாங்கிய கம்பளிக் கோட்டைத் தன் கையாலேயே தங்கையனுக்கு மாட்டிவிட்டார். ஏப்ரல் வெயிலில் தங்கையன் அதைப் போட்டுக்கொண்டு நின்றார்.

புறப்படும் முன்பே ஒரு கேள்வியைத் தங்கையன் கேட்டிருந்தார். குறுவையும் சம்பாவும் போய்விடும், வயல் என்ன ஆவது?

"உன் வயலு எங்கப்பா போயிடப் போவுது? கொள்ளிடமா அது, கடலுக்கு ஓட? மருதை பாத்துக்குவான். மேல நான் இருக்கேன்."

மருதை தங்கையனின் மனைவி வீரம்மாளின் தம்பி. கையும் காலும் ஓயாத உழைப்பாளி. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. "நீங்க போயிட்டு வாங்க மாமா. உங்க ஏர்தானே, நான் புடிக்கிறேன்" என்று அவனும் சொன்னான்.

இரண்டு வருடத்துக்கு முன்புதான் குத்தகைக்காரர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்திருந்தது. குத்தகை நிலத்தில் ஒருவர் தன் உடம்பால் பாடுபட்டாலோ, அவர் வீட்டார் பாடுபட்டாலோ, குத்தகையைக் கொடுத்து வரும்வரை அவரை வெளியேற்ற முடியாது. சட்டம் வந்தது தங்கையனுக்குத் தெரியும். உடம்பால் பாடுபடுவது என்கிற அந்த வார்த்தைகளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் வேறெதுவும் செய்ததில்லை.

மெட்ராஸ், கல்கத்தா, அங்கிருந்து கப்பல். கோபே துறைமுகத்தில் இறங்கி, ரயில் மாறி மாறி மலைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்த ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. ஷிமோகாவா என்று தங்கையன் அதைச் சொல்வார். ஒரு மரப்பாலம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், கறுப்பு ஓடு வேய்ந்த வீடுகள். ஆறு மணல் இல்லாத ஆறு. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். கரையில் பெண்கள் தங்கையன் கை நீளத்துக்கு இருந்த முள்ளங்கிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் இவரைக் கண்டால் புத்தகப் பையோடு குனிந்து வணங்கிவிட்டு, திரும்பியதும் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு ஓடுவார்கள்.

முதல் நாள் விடியலில் தங்கையன் துண்டைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிக் குளித்தார். தண்ணீர் பனிக்கட்டி. அவர் பல் கிட்டிக்கொண்டு கரையேறியபோது பாலத்தின் மேல் பாதி ஊர் நின்றிருந்தது. அன்றிலிருந்து அவரைத் தெரியாதவர் அங்கே இல்லை.

கூட இருந்த தமிழர் ஒருவர்தான். லால்குடிப் பக்கத்து செபஸ்தியான்; விவசாயப் பண்ணையில் உதவியாளர், இங்கிலீஷ் தெரிந்தவர். இருவரையும் ஹிராய் என்ற விவசாயியின் வீட்டில் தங்க வைத்தார்கள். ஹிராய்க்கு ஐம்பது வயதிருக்கும். அவர் பேசுவதை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் இங்கிலீஷில் சொல்ல, அதை செபஸ்தியான் தமிழில் சொல்வார். ஒரு வேடிக்கைக்கு மூன்று முறை சிரிக்க வேண்டியிருந்தது.

முதல் ராச்சாப்பாட்டில் பச்சை மீன் வந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு கருவாடுன்னு நினைச்சுக்கங்க" என்றார் செபஸ்தியான்.

"கருவாடுன்னா வறுத்துத் தரச் சொல்லுங்க."

தங்கையனுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. ஜூன் மாதம் நடவில் ஹிராயின் மனைவிக்குச் சமமாக வரிசை பிடித்தார். மாலையில் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை ஏவாத மாலைகள் அவை.

நடவு முடிந்த அன்று ஹிராய் எல்லோருக்கும் விருந்து கொடுத்தார். வாசலுக்கு எதிரே தெரிந்த வயலைக் காட்டி ஏதோ சொன்னார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செபஸ்தியான் தமிழில் சொன்னார்:

"இந்த வயலும் குத்தகையா இருந்ததுதானாம். அந்தப் பெரிய ஓட்டு வீடு தெரியுதுல்ல, அவங்களோடது. உலகச் சண்டை முடிஞ்ச கையோட சட்டம் வரப் போவுதுன்னு பேச்சு. உழுறவனுக்கே நிலம்னு. அந்த வீட்டுக்காரரு ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, உங்கம்மா மலை ஊர்ல ஒடம்பு சரியில்லாம இருக்காங்களே, போயி ஒரு போகம் கூட இருந்துட்டு வா, வயலை நான் பாத்துக்கறேன்னாராம். வழிக்கு அரிசி எல்லாம் கட்டிக் கொடுத்தாராம்."

"நல்ல மனுஷன்" என்றார் தங்கையன்.

"கேளுங்க. இவரும் மூட்டையைத் தூக்கிட்டாரு. பொண்டாட்டிதான் விடலையாம். நாத்தை எடுத்துக்கிட்டு வயல்ல இறங்கிட்டாங்களாம். சட்டம் வந்தப்ப வயல்ல கால் வச்சிருந்தவங்க இவங்க. போனவங்க நாலு குடும்பம். ஒருத்தருக்கும் திரும்பக் கிடைக்கலையாம்."

ஹிராய் தங்கையனை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஆசிரியர் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் சொன்ன பிறகு செபஸ்தியானும் தயங்கினார்.

"என்னங்க?"

"உங்க வயல்ல இப்ப நடுறது யாருன்னு கேக்கறாரு."

"மச்சினன்னு சொல்லுங்க."

பதில் போனது. அடுத்த கேள்வி வந்தது.

"அவருக்குக் கூலி குடுக்கறது யாருன்னு கேக்கறாரு."

தங்கையன் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் பாலத்துக்குப் போனது குறைந்தது. வீட்டுக்கு எழுதலாம் என்றால் வீரம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் வருகிற கடிதத்தை எல்லாம் பிள்ளையின் கணக்குப்பிள்ளைதான் படித்துச் சொல்வார். பதிலையும் அவர்தான் எழுதுவார். மனதில் இருப்பதை அந்த வழியாக எப்படி அனுப்புவது? சம்பா நடவுக்கு நீயும் கூட இறங்கு என்று மட்டும் எழுதினார். இங்கு எல்லோரும் சுகம், பிள்ளை அவர்கள் மாதாமாதம் நெல் அளக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் பதில் வந்தது.

"பாத்தீங்களா, நல்லாத்தானே கவனிச்சுக்கறாரு" என்றார் செபஸ்தியான்.

"எந்நெல்லு வெளையறப்ப அவரு எதுக்குங்க நெல்லு அளக்கணும்?"

முன்னதாகத் திரும்ப முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கப்பலில் டிக்கெட். டிசம்பருக்கு முன்னால் இல்லை என்றார்கள். அக்டோபரில் ஹிராயின் வயலை அறுத்தார். புறப்படும் நாளில் ஹிராயும் அவர் மனைவியும் ஸ்டேஷன் வரை வந்தார்கள். அங்கே மாலை போடும் வழக்கம் இல்லை. ஹிராய் அவர் கையைப் பிடித்து, நேரே வயலுக்குப் போங்கள், வீட்டுக்குப் பிறகு போகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

தங்கையன் அப்படியே செய்திருப்பார். ஆனால் ஜனவரி கடைசியில் ஜங்ஷனில் இறங்கியபோது பிள்ளையே வண்டியோடு காத்திருந்தார். வண்டி நேரே வயலுக்குத்தான் போனது. அங்கே பந்தல் போட்டிருந்தது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் இருநூறு பேர் இருப்பார்கள். அறுவடை முடிந்த நெல்தாளில் வரிசை வரிசையாக நட்ட அடையாளம் தெரிந்தது. வரப்பில் புதிதாக ஒரு போர்டு: ஜப்பான் முறை மாதிரி வயல். கீழே, சொந்தச் சாகுபடி, மேலூர் ரத்தினவேல் பிள்ளை.

தங்கையன் எட்டாவது வரை படித்தவர். அந்தப் போர்டை ஒரு தடவை படித்தார். பிறகு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கால் மணி நேரம் ஜப்பானைப் பற்றிப் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. கூட்டம் கலைந்ததும் பிள்ளையிடம் போனார்.

"ஐயா, கோடைக்கு உளுந்து போடலாம்னு பாக்கறேன். நாளைக்கே ஏர் கட்டட்டுங்களா?"

பிள்ளை அவர் தோளில் கை போட்டார். "உனக்கு எதுக்குப்பா இனிமே சேறு? ஜப்பான் போயிட்டு வந்தவன். ஊர் ஊராப் போயி செஞ்சு காட்டுற வேலை ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். சட்டை கசங்காத வேலை."

"நிலம்?"

"நிலம் எங்க போவுது? இங்கதான் இருக்கு."

வீட்டில் வீரம்மாள் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. மருதையைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள்.

"உழுதது யாருடா?" என்றார் தங்கையன்.

"நான்தான் மாமா."

"யாருக்காக?"

மருதை தரையைப் பார்த்தான். "பிள்ளை கூலி குடுத்தாரு. மாமா வந்ததும் பேசிக்கலாம்னாரு. வாங்காம என்ன செய்ய? வீட்டுல அடுப்பு எரியணும்ல."

"நான் நடவுக்கு இறங்கினப்ப, ஜப்பான்காரர் சம்சாரம் நீ, உனக்கு எதுக்குக்கா சேறு, ஏறி வீட்டுக்குப் போன்னு சொன்னது யாருடா?" என்று வீரம்மாள் கேட்டாள். "நாலு பேரு சிரிச்சாங்க. நானும் பெருமையா ஏறி வந்துட்டேன். அந்தப் பேச்சை உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

மருதை எழுந்தான். வாசற்படியில் நின்று சொன்னான்: "மேலப் பக்கம் ஒரு ஏக்கரு எனக்குக் குத்தகைக்கு விடறேன்னிருக்காரு அக்கா. எனக்கும் ஒரு வயலு வேணாமா?"

ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தங்கையன் வருவாய் கோர்ட்டுக்குப் போனார். தங்கையன் தானாகவே நிலத்தை விட்டுப் போனார், இரண்டு போகமும் நான் கூலியாள் வைத்துப் பயிரிட்டேன் என்பது பிள்ளையின் வாதம். சாட்சிக்கு அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. ஜங்ஷனில் மாலை போட்டவர்கள் அத்தனை பேரும் சாட்சி. நாதஸ்வரக்காரர் முதற்கொண்டு வந்தார். தங்கையன் ரயில் ஏறியதைப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தோம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? சிலர் சொல்லிவிட்டு வெளியே வந்து, "பொய்யா சொல்ல முடியும் தங்கையா?" என்று அவரிடமே கேட்டார்கள்.

மருதையும் கூண்டில் ஏறினான். கூலி வாங்கியதைச் சொன்னான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக வீரம்மாள். பிள்ளையின் வக்கீல் மரியாதையாகவே கேட்டார்.

"அந்த வருஷம் நீங்க வயல்ல இறங்கி வேலை செஞ்சீங்களாம்மா?"

"இறங்கினேங்க."

"எவ்வளவு நேரம்?"

வீரம்மாள் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு முடி நாத்து நடுற நேரம்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள்.

"பிள்ளை மாசா மாசம் நெல் குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"குத்தகைக்காரங்க நிலத்துக்காரருக்கு நெல் அளக்கறதுதானே வழக்கம்?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தங்கையனை வழக்கை விசாரித்த அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே? "கெடுதல்னு யாராச்சும் சொல்லியிருந்தா நின்னிருப்பேங்க. நல்லதுன்னுல்ல அனுப்புனாங்க" என்றார் தங்கையன்.

1958 செப்டம்பரில் தீர்ப்பு பிள்ளைக்குச் சாதகமாக வந்தது. அப்பீலுக்குக் கெடு இருந்தது, தங்கையன் போகவில்லை. செய்முறை காட்டும் அந்த வேலைக்கு வரச் சொல்லிப் பிள்ளை இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அதற்கும் போகவில்லை. ஐப்பசியில் தங்கையனும் வீரம்மாளும் திருச்சிக்குக் கிழக்கே காட்டூருக்குக் குடி போனார்கள். அவர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் பட்டறைக்காரர் சொன்ன சம்பளத்துக்கு இரும்பு தூக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சம்பாவுக்கு மேலூர் வயலில் மருதை நட்டான்.