மேபெல் படுத்திருந்த இடத்தில் வலது பக்கம்

லவ்டே ட்ரெம்பாத்துக்கு அறுபது வயது. கார்ன்வாலின் வட கரையில், போர்த்வெரன் துறைமுகத்திலிருந்து ட்ரெலிசன் வரையிலான முதியவர்களின் கால்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வீடு வீடாகப் போய் நகம் வெட்டி, கால் ஆணி செதுக்குகிற செவிலி அவர். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பார். ஆள் யாரென்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கடலோர மலைவிளிம்பில் பத்து மைல் ஓட்டப் பந்தயம் ஒன்று ஆண்டுதோறும் மே மாதக் கடைசி ஞாயிறன்று நடக்கிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கணக்குப் பார்த்தால் ஒரு மலையையே ஏறி முடித்திருப்போம். ஆனால் உச்சி என்று ஒன்றைக் கண்டிருக்க மாட்டோம். அதன் வழியை வகுத்தவர் லவ்டே. இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்களையெல்லாம் அந்த வழியில் ஓடவிட்டவரும் அவர்தான். அவர் மட்டும் ஒருமுறைகூட அதில் ஓடியதில்லை. பந்தய நாளில் ஆறாவது மைலில், வேலியைத் தாண்டும் படிக்கட்டின் அருகே விசிலோடு நின்று, "மூச்சு அப்புறம் வாங்கலாம், முதல்ல காலைத் தூக்கு" என்று சொல்வதுதான் அவருடைய வேலை. அறுபது முடிந்ததும் ஓடுவேன் என்று பல காலமாகச் சொல்லிவந்தார். இந்த ஆண்டு ஜனவரியில், பெயர்ப் பட்டியல் திறந்த அன்றே முதல் வரியில் தன் பெயரை எழுதினார்.

பிப்ரவரியில் மலைவிளிம்பு சரிந்தது. ஐந்தாவது மைலில் நாற்பது கஜப் பாதை, வேலியோடும் எச்சரிக்கைப் பலகையோடும் கடலுக்குள் போய்விட்டது. 'இங்கே சரிவு அபாயம்' என்று அந்தப் பலகையில் எழுதியிருந்தது. சொன்ன சொல் தவறவில்லை.

பந்தயக் குழுச் செயலாளர் பாஸ்கோ கையைப் பிசைந்தார். "தார் ரோட்டுல ஓட அனுமதி கிடையாது. சரிவைச் சுத்திப் போக டிகரியோட ரெண்டு மேய்ச்சல் வயலும் கிடைச்சா உண்டு. இல்லாட்டி இந்த வருசம் பந்தயம் இல்ல, லவ்டே."

"கேக்கறேன்."

"அவர்தான் உன்கிட்ட நாலு வருசமா பேசறதில்லையே?"

"பேசறதில்லதான். ஆறு வாரத்துக்கு ஒருக்கா காலை மட்டும் நீட்டுவாரு."

உண்மைதான். டிகரி நான்கிவெல்லுக்கு எழுபத்தெட்டு வயது, பசு வளர்க்கிறவர். நான்கு ஆண்டுக்கு முன் ஒருநாள் லவ்டேயோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். காரணம் யாருக்கும் தெரியாது. ஓட்டக்காரர்கள் கேட்டைத் திறந்துபோட்டதால் என்றார்கள் சிலர். சரியாக நகம் வெட்டாததால் என்ற கட்சியும் இருந்தது. ஆனாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வெந்நீர்த் தொட்டியில் கால்களை ஊறவைத்துக் காத்திருப்பார். லவ்டேயிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் தன் நாய் நெல்சனிடம் சொல்வார்.

மார்ச் மாதம் லவ்டே அவருடைய வலது காலை மடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "ரெண்டு வயல். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை காலை. கேட்டை நாங்களே சாத்திருவோம். நான் ஓடணும் டிகரி. இந்த வருசம் விட்டா அடுத்த வருசம் என் முட்டி என்ன சொல்லுமோ தெரியாது."

டிகரி நாயைப் பார்த்தார். "நெல்சா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. ட்ரெக்லி."

அகராதியில் அந்தச் சொல்லுக்கு 'உடனே' என்று பொருள் போட்டிருக்கும். எங்கள் கரையில் அப்படி யாரும் அதை நம்பி ஏமாந்ததில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் ட்ரெக்லி என்றால் அடுத்த மாதம். கல்யாணத்துக்கு ட்ரெக்லி என்றவர்கள் சிலர் கல்யாணம் ஆகாமலேயே கிழவர்களாகியிருக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதால் கண்டுபிடித்த சொல் அது. சிக்கல் என்னவென்றால், 'ஆமாம்' என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள்.

லவ்டே வீட்டுக்கு வந்து புதிய வழித்தாளை எழுதினார். அவருடைய வழித்தாள் எங்கள் பக்கத்தில் பேர்போனது. 'கடல் எப்போதும் இடது கைப்பக்கம். எரிந்துபோன ஜெபக்கூடத்தருகே மேலே ஏறவும். இடிந்து விழுந்த சுரங்கப் புகைபோக்கியைத் தாண்டியதும் கீழே. ஹாஸ்கிங் வீட்டு ஆப்பிள் மரம் இருந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும்.' எங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. வெளியூர்க்காரர்கள்தான் ஆப்பிள் மரத்தைத் தேடித் தாகத்தோடு அலைவார்கள்.

ஏப்ரல் நடுவில் மறுபடி செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த முறை லவ்டே வழித்தாளைக் கையோடு கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். டிகரி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"நெல்சா," என்றார். "எரிஞ்சுபோன ஜெபக்கூடத்துக்கு இதுல எடம் இருக்கு. விழுந்துபோன புகைபோக்கிக்கு எடம் இருக்கு. ஹாஸ்கிங் கிழவியோட ஆப்பிள் மரம், ஒரு பழம் உருப்படியா காச்சதில்ல, அதுக்குக்கூட எடம் இருக்கு. செத்துப்போன மாட்டுக்கு மட்டும் எடம் இல்லையாம்."

லவ்டேயின் கையிலிருந்த நகவெட்டி பெருவிரலுக்கு மேலே அப்படியே நின்றது.

மேபெல் ஒரு பழுப்புப் பசு. ஆறாவது மைலில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், வேலியோரம் எந்நேரமும் படுத்திருக்கும். பழைய வழித்தாளில் 'மேபெல் படுத்திருக்கும் இடத்தில் வலது பக்கம்' என்றே இருந்தது. மேபெல் இறந்த ஆண்டில், ரெடிங் ஊரிலிருந்து வந்த மூன்று பேர் இன்னொரு பழுப்புப் பசுவைப் பார்த்து வலது பக்கம் திரும்பி, சுற்றுலாக் கூடாரங்கள் நடுவே போய் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். பாஸ்கோ பதறிப்போனார். அவருக்காக லவ்டே அந்த ஒரு வரியை மட்டும் 'இரும்புக் கம்பத்தருகே வலது பக்கம்' என்று மாற்றினார். வாழ்நாளில் அவர் புத்தியோடு எழுதிய ஒரே வரி அதுதான். அதற்கு நான்கு வருட மௌனம் கிடைத்தது.

"பதினாறு வருசம் அங்க படுத்திருந்தா," என்றார் டிகரி, நாயிடம்தான். "கம்பம் வந்து அஞ்சு வருசம்கூட ஆகல."

லவ்டே ஈரக் கையைத் துடைத்தார். பேனாவை எடுத்து 'இரும்புக் கம்பத்தருகே' என்பதை அடித்தார். மேலே எழுதினார்: 'மேபெல் படுத்திருந்த இடத்தில் வலது பக்கம்.' பிறகு இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்ந்தார். நெல்சன் தூங்கிவிட்டது.

பாஸ்கோவுக்குச் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒரு தாளில் விவரம் எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு அனுப்பினார். திரும்பி வந்த தாளில், கோட்டின் மேல் தெளிவான கையெழுத்தில் ஒரே சொல்: ட்ரெக்லி.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"ஃபைல்ல போடு ராசா," என்றார் லவ்டே. "எப்படியும் எழுத்துல வந்துருச்சில்ல."

பந்தயத்தன்று நல்ல காற்று. முதல் நான்கு மைலுக்கு லவ்டே எல்லாரையும் முன்னே போகவிட்டு, இளஞ்சிவப்புக் கடற்பூக்களுக்கு நடுவே, பால் டப்பா சுமப்பவரைப் போலச் சின்னச் சின்ன அடியாக ஓடினார். விசில் கழுத்திலேயே தொங்கியது, கழற்ற மறந்துவிட்டாராம். எதிரே டிகரியின் வயல் கேட் சாத்தியிருந்தால் நூற்றிருபது பேரும் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது மைல் மேட்டில் ஏறிப் பார்த்தார். கேட் திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமல் நீல நைலான் கயிற்றால் கல்லோடு கட்டியிருந்தது. இரண்டு வயலிலும் ஓட்டத்தடத்தில் மட்டும் புல் வெட்டியிருந்தது. சாணத்தைக்கூட யாரோ ஒதுக்கியிருந்தார்கள்.

வயல்களைக் கடந்ததும் பாதை பிரியும் இடம். அங்கே வேலியோரம், மேபெல் படுத்திருந்த அதே இடத்தில், பழுப்புக் கோட்டுப் போட்டு, பால் கறக்கும் முக்காலியில் டிகரி உட்கார்ந்திருந்தார். லண்டன்காரர் ஒருவர் வழித்தாளோடு அவர் முன்னே நின்று மூச்சிரைத்தார். "ஐயா, இதுல ஒரு மேபெல்னு போட்டிருக்கு. யாருங்க அது, எங்க இருக்காங்க?"

"வந்துருவா," என்றார் டிகரி. "நீ வலது பக்கம் போ கண்ணு."

லவ்டே நெருங்கினார். டிகரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடுகிற பாதங்களைப் பார்த்தார். பிறகு நேராக அவரிடமே சொன்னார், நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக. "பொண்ணே, இடது கால் உள்பக்கமா விழுது."

"பதினோரு மணிக்குக் காட்டறேன், செவ்வாய்க்கிழமை," என்று சொல்லிக்கொண்டே லவ்டே வலது பக்கம் திரும்பினார். அங்கிருந்து ட்ரெலிசன் வரை அவர் சிரித்துக்கொண்டே ஓடியதை வழிநெடுக நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். நூற்றிருபது பேரில் நூற்றுப் பதினெட்டாவது. தனக்குப் பின்னே வந்த இரண்டு பேருக்கும் விசில் ஊதி, காலைத் தூக்கச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் கையில் அடுத்த ஆண்டுக்கான வழித்தாள் இருந்தது. அதில் ஒரு வரி புதிது: 'டிகரி உட்கார்ந்திருக்கும் இடத்தில் வலது பக்கம்.'

டிகரி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை எடு."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இதுல இருக்கிறது எல்லாம் இல்லாமப் போனதுங்க. நான் இன்னும் இருக்கேன்."

"சரி, அப்ப உங்களை எப்பச் சேக்கறது?"

டிகரி காலைத் தொட்டியில் அமிழ்த்தினார். நெல்சன் பக்கம் திரும்பவே இல்லை.

"ட்ரெக்லி."