கழித்த குண்டுகள்

கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வாழ வந்தபோது ஆண்டாளுக்குத் தெரிந்த துப்பாக்கியெல்லாம் மலையில் காட்டுப்பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கிதான். கட்டிக்கொண்ட இருசப்பன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஏர் ரைஃபிள் போட்டி என்றால் அவனுக்குப் பித்து. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பழகுவான். சுட்ட காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுவது ஆண்டாளின் வேலை.

ஒருநாள் விளையாட்டாகத் துப்பாக்கியை அவளிடம் கொடுத்தான். அவள் நட்ட கல் மாதிரி நின்றாள். மூச்சைப் பிடித்து விசையை அழுத்தியவள், அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வர மனசில்லாமல் ஆகிப்போனாள்.

அடுத்த வருஷம் உள்ளூரில் நடந்த போட்டிக்கு இருவருமே போனார்கள். ஆண்கள் தனி, பெண்கள் தனி என்றாலும் எல்லோருக்கும் நாற்பது குண்டு, மார்க்கை எழுதியது ஒரே பலகையில். ஆண்டாளின் பெயர் இருசப்பன் பெயருக்கு மேலே இருந்தது. கூட வேலை செய்கிற வாத்தியார்கள், மாஸ்டர் இனிமேல் வூட்டுக்காரம்மாகிட்ட டியூஷன் போகலாம் என்று கிண்டல் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். டவுன் பஸ்ஸில் அவளை விட்டுத் தள்ளித் தனி சீட்டில் போய் உட்கார்ந்தான்.

மறுவாரம், தான் இனிமேல் போட்டிக்குப் போகப்போவதில்லை என்றான். சுடுவது அவள் வேலை, குண்டு பார்ப்பது தன் வேலை என்றான். தெருவே அவனை மெச்சியது. பெண்டாட்டிக்காக ஆசையை விட்டவன் என்று ஆண்டாளும் நம்பினாள்.

குண்டு பார்ப்பது சின்ன வேலை இல்லை. பார்க்க எல்லா டப்பாவும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற சரக்கு இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. துப்பாக்கியை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் ஆடாமல் இறுக்கிவைத்துச் சுட்டால், ஒத்துப்போகிற குண்டு ஒரே ஓட்டையில் போய்ப் போய் விழும். ஒத்துப்போகாதது நாலு பக்கமும் சிதறும். நல்ல டப்பாவிலும் ஈயம் நசுங்கினது, எடை ஏறினது, குறைந்தது இருக்கும். இருசப்பன் விளக்கடியில் உட்கார்ந்து, நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கழிப்பான்.

கழித்த குண்டுகள் குப்பைக்குப் போகவில்லை. போட்டிக்கு எடுத்துப்போகிற டப்பாவுக்குப் போயின.

பயிற்சிக்கு அவளுக்கு முதல் தரமான குண்டு. கொட்டகையில் நடுப்புள்ளிக்கு உண்டான பத்து மார்க்காகவே விழும். போட்டிக்குப் போனால் எட்டு, ஒன்பது, திடீரென ஒரு ஏழு. குண்டைப் பார்க்காதே, கண் குறியில் இருக்கட்டும் என்று அவன் பழக்கியிருந்ததால் அவள் குண்டைப் பார்த்ததே இல்லை. தோற்றுத் தலைகுனிந்து வருகிறவளுக்கு அவனே தண்ணீர் பாட்டில் நீட்டுவான். கை நல்ல கை, மனசில்தான் பலம் இல்லை, கூட்டத்தைப் பார்த்தால் பயந்துவிடுகிறாய் என்று மெதுவாகச் சொல்வான். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்று ஆசைப்பட்டவள், அதற்கான வயசைத் தாண்டினாள். அன்றைக்குத் தன்னையே நொந்துகொண்டு அழுதாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்தான்.

சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில்தான் அது வெளிப்பட்டது. பாதி சுட்டு முடிக்கும்போது ஆண்டாளின் டப்பா மேஜையிலிருந்து விழுந்து குண்டெல்லாம் சிமெண்டுத் தரையில் ஓடியது. பையின் அடியில் பயிற்சி டப்பா ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சுட்டாள். பத்து. மறுபடி பத்து. கடைசிவரை ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே பத்து. முதல் பாதியில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை, தோற்றாள். பக்கத்தில் சுட்ட தாஹிரா, உளுந்தூர்பேட்டை டயர்க்கடை கவுஸ் பாயின் மகள், தரையில் கிடந்த குண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது, ஓரம் நசுங்கிக்கினு இருக்குது? இத வெச்சா போட்டில சுடறீங்க?"

ஊருக்கு வந்ததும், இருசப்பன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், ஆண்டாள் துப்பாக்கியை வைஸில் இறுக்கினாள். இரண்டு டப்பாவிலிருந்தும் தனித்தனிக் காகிதத்தில் சுட்டாள். ஒன்றில் ஒரே ஓட்டை. இன்னொன்று சல்லடை.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் இரண்டு காகிதத்தையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"இத்தினி வருசமா ஏங்க இப்படி பண்ணீங்க?"

"ஜெயிச்சிருந்தா வேலைக்குப் போயிருப்ப. என்னிய யாரு மதிப்பாங்க?" மோரை ஊற்றிக்கொண்டே சொன்னான். "தோத்துட்டு அழுதுக்கினு எங்கிட்டதான வந்த. அது எனக்குப் புடிச்சிருந்துது."

ஆண்டாள் அழவில்லை. துணியை மூட்டை கட்டினாள். துப்பாக்கியைத் தொட்டபோது அவன் தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போ, ஜெயிப்பது துப்பாக்கியிலா இருக்கிறது, மனசில்தானே என்று மட்டும் சொன்னான்.

உளுந்தூர்பேட்டையில் கவுஸ் பாய் கடையில் அவளைப் பில் போட வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் நீளமான டயர் கிடங்கு. தாஹிராவும் அவளும் அங்கே சுட்டார்கள். தன் குண்டைத் தானே பார்க்கக் கற்றாள். சரக்கு சரக்காக வைஸில் வைத்துச் சோதித்து, ஒத்துப்போகிற சரக்கை அடையாளம் கண்டாள். கிடங்கில் தாஹிராவால் ஒருமுறைகூட அவளைத் தாண்ட முடியவில்லை.

அந்தச் சரக்கு டப்பாவோடு அடுத்த போட்டிக்குப் போனாள். முதல் குண்டை எடுத்ததும் திருப்பிப் பார்த்தாள். ஓரம் சரியாக இருந்தது. அடுத்ததையும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது, அவளால்தான் நம்ப முடியவில்லை. குறி ஆடியது. குண்டு கெட்டிருந்த காலத்தில் அவள் குறி ஆடியதே இல்லை. மனசில் பலம் இல்லை என்று இத்தனை வருஷம் அவன் காதில் ஊற்றியது இப்போது உள்ளே இறங்கி வேலை செய்தது. எட்டு. ஏழு. மறுபடி ஏழு.

பார்வையாளர் பக்கம் இருசப்பன் தன் பள்ளிப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தான். மார்க் பலகையைக் காட்டி அவர்களுக்குப் பாடம் எடுத்தான். அவனுக்குக் குரலை உயர்த்தத் தேவையில்லை, அங்கே அவ்வளவு அமைதி.

"குண்டுமேல பழி போட்டுட்டுப் போனாங்க. இப்ப அவங்களே பாத்து எடுத்த குண்டுதான். பாத்துக்குங்க."

பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். ஆண்டாள் திரும்பவில்லை. மீதிக் குண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்தாள். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். மார்க் சீட்டில் அவள் கையெழுத்துப் போடும்போது தாஹிரா காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவள் வருஷந்தவறாமல் பெயர் கொடுக்கிறாள். வருஷந்தவறாமல் தோற்கிறாள். கள்ளக்குறிச்சியில் கேட்டால், அந்த மாஸ்டர் தங்கமானவர், பெண்டாட்டிக்காகத் துப்பாக்கியையே விட்டவர், அவள்தான் அவரை விட்டுட்டுப் போயிட்டாள் என்பார்கள். போன மாதம்கூட டயர் கிடங்கில் நாற்பதும் பத்தாகவே சுட்டாளாம். தாஹிராதான் சொன்னாள். பார்க்க வேறு யாரும் இல்லை.