சொல்தாவுக்கு ஓதிய சாயங்காலம்

வில்லியனூர் மாட வீதி முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்சவள்ளிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவள் கரிப்பெட்டி பட்டால் சட்டை விறைத்து நிற்கும். அவள் வாயைத் திறந்தால் சட்டைக்காரரும் விறைத்து நிற்பார். கணவர் சாமிக்கண்ணு மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எந்த வேலையையும் தொட்டதில்லை. யோசனை சொல்வதோடு சரி.

வண்டிக்கு அடியில் ஒரு நாய் கிடக்கும். வயது பதின்மூன்று, பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை இந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒருவர் வீட்டில் பிறந்த குட்டி அது. பிழைப்பும் பென்ஷன்காரர் பிழைப்புதான்: நேரத்துக்குச் சாப்பாடு, நிழலில் தூக்கம், போகிறவர் வருகிறவரைப் பார்த்து ஓர் அதட்டல்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோழிக்கடைக் கழிவுக்காக அடித்துக்கொண்டிருந்த மூன்று இளவட்ட நாய்கள் திடீரென்று சமாதானமாகி, ஒன்றுசேர்ந்து சொல்தாவின் மேல் பாய்ந்தன. அம்சவள்ளி சூடான பெட்டியோடு ஓடிப்போய் விலக்குவதற்குள் இடது காது கிழிந்து, தொடையிலும் பல் இறங்கிவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசிகளும் போட்டார்கள். காயம் ஆறியது. நாய் ஆறவில்லை. வீட்டுக்குள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டது. அங்கேயே சோறு, அங்கேயே மூத்திரம்.

"பின்னங்காலு மரத்துக்கினே வருதும்மா," என்றார் டாக்டர். "வயசான நாய். இப்ப நடக்க வெக்கலன்னா அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

அம்சவள்ளி சோற்றுத்தட்டை நாளுக்குக் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். சொல்தா கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. கழுத்து எட்டாத நாள் வந்ததும் பட்டினி கிடந்தது. அடுத்த வேளையே அவள் தோற்றுப்போய்த் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

"இன்னாடி இது, நாயா, ஜமீன்தாரா?" என்றார் சாமிக்கண்ணு. "பயந்த கொழந்தைய இன்னா பண்ணுவோம்? பள்ளிவாசலுக்கு இட்டும்போய் ஓதிக்கினு வரமாட்டோம்? இதையும் இட்டும்போ!"

கேலிக்குத்தான் சொன்னார். அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

குழந்தை எதையாவது கண்டு மிரண்டால், எந்த மதத்து வீடானாலும், சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்தில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசல் முன்னால் நிற்பது வழக்கம். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, முகத்தில் ஊதிவிடுவார்கள். நாயைக் கொண்டுபோனவள் அம்சவள்ளி ஒருத்திதான். வண்டியின் கீழ்த்தட்டிலிருந்த கரிமூட்டையை எடுத்துவிட்டு, போர்வை விரித்து, சொல்தாவை அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போய், எதிர்ச்சாரி டீக்கடை ஓரம் நிறுத்தினாள்.

முதலில் வெளியே வந்தவர் மளிகைக்கடை சிராஜுதீன். பேச்சில் புலி. கடைத்தெருவில் எந்த வழக்கானாலும் "நான் பாத்துக்கறேன்" என்று ஜிப்பாக் கையை மடித்துவிடுகிறவர். அந்த ஜிப்பாவைத் தேய்த்துக் கொடுப்பவள் அம்சவள்ளி.

"பாய், நம்ம சொல்தா பயந்துகிச்சு. கொஞ்சம் ஊதிவுடுங்க."

"நாய்க்காம்மா?" நின்ற இடத்தைவிட்டு அவர் அசையவில்லை.

"போன மாசம் பால்காரர் மாட்டுக்கு ஊதனீங்க. ஆட்டுக்கு ஊதறீங்க. நாய்க்கு மட்டும் காத்து தீந்துபோச்சா?"

தொழுகை நடத்திவிட்டுப் பின்னால் வந்த ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "அல்லாஹ் படைச்ச உயிர்தானே பாய். தொடாம, தள்ளி நின்னு ஓதுங்க."

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. இனி மறுத்தால் மானம் போய்விடும். சிராஜுதீன் ரோட்டைக் கடந்து வந்து, ஓரத்திலேயே நின்று ஓதினார். ஊதினார். அந்தக் காற்று வண்டிச் சக்கரத்தைக்கூடத் தொட்டிருக்காது.

"கிட்ட வாங்க பாய்."

"இங்கேர்ந்தே போய்ச் சேரும்மா."

"தெரு லைட்டுக்கா ஊதறீங்க? கிட்ட வாங்க!"

அரையடி வந்தார். பக்கத்தில் நின்ற ஆட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் துணியை மனைவி ரஹ்மத் பீவியிடமே கொடுத்தனுப்பும் மனிதர் ஏன் ஒருநாளும் வண்டிப் பக்கம் வந்ததில்லை என்று அம்சவள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளுக்கு முன்பே சொல்தாவுக்குப் புரிந்துவிட்டது. மூக்கைத் தூக்கியது. உலகத்தில் எல்லோரும் தன்னைக் கடிக்க வந்தவர்களாகவே தெரிந்த நாய்க்கு, தன்னைக் கண்டு நடுங்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அதுவும் கஞ்சி போட்ட ஜிப்பாவில். பழைய டீசல் என்ஜின் கிளம்புவதைப் போலத் தொண்டைக்குள் ஒரு சத்தம் புறப்பட்டது.

பாய் ஓதிக்கொண்டே பின்வாங்கினார். சொல்தா முன்னங்கால்களைத் தரையில் வைத்தது. பின்னங்கால்கள் இழுபட்டன, வழுக்கின, விழுந்தன, எழுந்தன. பிறகு ஒரு குரைப்பு. பாய் அந்த ஆட்டோவுக்குள் பாய்ந்து சீட்டின் மேல் ஏறினார். தலை கூரையில் இடித்தது.

"புடி! நாயப் புடி, அம்சா!"

அம்சவள்ளி பிடிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால்தான் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டாள்.

"மூணு நாளு ஊதணுமே பாய். நாளைக்கும் இட்டாரட்டா?"

"ஒரு நாளே போதும்மா! புடிச்சிகிச்சு, நல்லாவே புடிச்சிகிச்சு!"

சொல்தா ஆட்டோவைச் சுற்றி வந்து முன்சக்கரத்தை மோந்தது. பின்னங்காலைத் தூக்கப் பார்த்தது, தள்ளாடியது, மறுபடி முயன்றது. கடையில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட நின்றது. கால் எழும்பியது. ஆட்டோக்காரர் திட்டினார். பாய் மேலிருந்தபடி கடைசிச் சொட்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்சவள்ளி காலி வண்டியைத் திருப்பி, மெதுவாகத் தள்ளினாள். நாய் நொண்டியபடி பின்னால் வந்தது. கோழிக்கடை முனையில் நின்றுவிட்டது. அவளும் நின்றாள், கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து அவள் புடவையை ஒட்டிக்கொண்டு வந்தது.

"மிதிச்சிடப் போறேன்டா, தள்ளி நட."

அது தள்ளி நடக்கவில்லை. ஆனால் நடந்தது.