மாற்றாமல் வெட்ட வேண்டிய முகம்

எங்கள் பட்டறையில் பதக்கத்துக்கு அச்சு வெட்டுவது என் அண்ணன். அந்த அச்சை இயந்திரத்தில் வைத்து அடிப்பது நான். அச்சில் எல்லாம் இடம் வலமாக மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் பதக்கத்தில் நேராக விழும். முப்பது வருஷம் மாற்றி மாற்றியே வெட்டியதில் அண்ணனுக்கு ‘இடவலம்’ என்றே பட்டப்பெயர். வெட்டியதைச் சரிபார்க்கச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும்.

போன வருஷம் அவருடைய ஒரே மகள் விபத்தில் போய்விட்டாள். ஓட்டக்காரி. கடைசிப் போட்டியில் நாலாவதாக வந்தாள். நாலாவதுக்கு எவன் பதக்கம் கொடுப்பான்? அண்ணன் அழவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், விளக்கை அணைத்தால் படுப்பார். மரத்துப்போய்விட்டார்.

அப்போதுதான் பெண்கள் சாம்பியன் பதக்கத்துக்கு ஆர்டர் வந்தது. தடகளச் சங்கச் செயலாளர் வந்து விளக்கினார். சுற்றிலும் இலை வளையம், அது வெற்றி. மேலே தீப்பந்தம், அது விடாமுயற்சி. நடுவில் ஓடுகிற பெண்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன அர்த்தம்?” என்றேன்.

“அது சும்மா ஒரு பொண்ணுதாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இலைக்குக்கூட அர்த்தம் இருக்கிறதாம், பிள்ளைக்கு இல்லையாம்!

வீட்டில் இதைச் சொன்னதும் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். “அது நம்ம பொண்ணா இருக்கட்டுங்க. இடது புருவத்துத் தழும்போட.”

மகள் கடைசியாகப் போனில் எடுத்த செல்ஃபியைப் பார்த்து அண்ணன் வெட்டினார். மொச்சைக்கொட்டை அளவு முகம், மயிரிழை போல ஒரு தழும்பு. எல்லாவற்றையும் அடித்து அனுப்பிவிட்டு, மாதிரிக்கு அடித்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அண்ணி அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார்.

“தழும்பு வலது புருவத்துல இருக்கே. இது யாரோ.”

அந்தப் போன் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல ஏற்கெனவே இடவலம் மாற்றித்தான் வைத்திருந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் அதையும் மாற்றி வெட்டிவிட்டார். முப்பது வருஷத்தில் மாற்றாமல் வெட்ட வேண்டிய ஒரே முகம் அது. பெற்ற அப்பனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். வேலை பார்த்தது கைதான், அவர் அங்கே இல்லை.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பதக்கத்துக்கு எதிரே பிடித்தார். அண்ணி குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

“வந்துட்டியாடி,” என்றார்.

கண்ணாடிக்குள் அவள் முகம் லேசாக ஆடத் தொடங்கியது.

“ஆட்டாதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க.”

அண்ணன் இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.